அம்மா காட்டிய கொலேஜ்

இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு ஒன்றிரண்டு வருடங்கள் முந்தி, கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த காலத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஐந்தாம் வகுப்பு முடிகிற வருடம்.

எங்கள் வீடு ஒரு தோட்டத்தில் இருந்தது. தோட்டம் என்றதும் மாவும் தென்னையும் நினைத்துவிட வேண்டாம். ஒரே நீளக் கூரையின் கீழ் ஆளுக்கொரு அறையாகக் குடும்பங்கள் வரிசையாக வாழ்கிற இடத்தைத்தான் கொழும்பில் தோட்டம் என்போம். நடுவில் ஒரு தண்ணீர்க்குழாய். பகலில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் பின்னேரம் அந்தக் குழாயடிக்கு வந்து சேர்ந்துவிடும்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களிலிருந்து சரக்கு இறக்குகிறவர். அம்மா இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பார். இருவரும் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் இல்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்னும் யாரும் மிதித்ததில்லை. நான்தான் முதல்.

ஆனால் அம்மா, தாம் படிக்காவிட்டாலும், படிப்பு நடக்கிற வீட்டைக் கிட்ட இருந்து பார்த்தவர். கல்யாணத்துக்கு முன்பு, பணக்காரர்கள் வாழ்கிற கறுவாத்தோட்டத்தில் ஒரு பெரிய வீட்டில் ஆயாவாக இருந்தார். அந்த வீட்டுக் குழந்தைக்கு அப்போது பல் முளைத்திருக்கவில்லை. ஆனால் அவன் வளர்ந்து சீமைக்குப் படிக்கப் போகும்போது கொண்டுபோவதற்கென்று தோல்பெட்டி ஒன்று வாங்கி, அவன் பெயரின் எழுத்துகளையும் அதில் பொறித்து, அலுமாரிக்கு மேல் வைத்திருந்தார்களாம். அம்மா அந்தப் பெட்டியை வாரம் ஒருமுறை தூசி தட்டுவாராம்.

"பல்லு முளைக்காத பிள்ளைக்குப் பெட்டி தயார். எங்கட பிள்ளையளுக்குப் பால்பல்லு விழுந்து மற்றப் பல்லு முளைச்சாலும் ஒருத்தரும் ஒண்டும் நினைக்கிறேல்ல" என்று அம்மா அடிக்கடி சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பொறாமை இருக்காது. நல்ல கறி ஒன்றைப் பிறர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அதை எப்படி வைத்தார்கள் என்று யோசிக்கிற முகமாக இருக்கும்.

பெட்டி வாங்க எங்களிடம் வழியில்லை. அம்மா வேறொரு வழி கண்டுபிடித்தார். எனக்கு ஐந்து வயதானபோது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்த பிறகு, என் தலையை இழுத்துப் பின்னி, நல்ல சட்டை போட்டு, "வா, உன்ர கொலேஜைப் பாத்துக்கொண்டு வருவம்" என்று கூட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று தொடங்கியது. பிறகு மழை கொட்டாத ஞாயிறுகளில் எல்லாம் போனோம். தங்கை பிறந்து நடக்கப் பழகியதும் அவளும் சேர்ந்துகொண்டாள்.

ட்ராமில் புறக்கோட்டைக்கு வந்து, மாறி ஏறி, பொரளைப் பக்கம் இறங்கி நடப்போம். நீண்ட நடை. இரண்டு பக்கமும் நிழல் மரங்கள். பிறகு, பரந்த புல்வெளிக்கு அப்பால், தூண்களும் வளைவுகளுமாக ஒரு பெரிய வெள்ளை மாளிகை வரும். முன்னால் ஆலமரம் ஒன்று விழுதுகளை ஊன்றிக்கொண்டு நிற்கும். அதுதான் என் கொலேஜ். ஆயாவாக இருந்த காலத்தில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு அந்தத் தெருவால் போகும்போது, வெள்ளைக் காற்சட்டை போட்ட இளைஞர்கள் கையில் புத்தகங்களோடு அந்த வாசலால் போவதும் வருவதுமாக இருந்ததை அம்மா பார்த்திருக்கிறார். ஒன்றிரண்டு பெண்களையும் பார்த்திருக்கிறார். அந்தப் பெண்களைத்தான் அவர் மறக்கவில்லை.

நாங்கள் ஆலமரத்தடியில் இருந்து கடலை கொறிப்போம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியூர்களிலிருந்து வந்த சனங்கள் குடும்பம் குடும்பமாக அந்தக் கட்டடத்துக்குள் போவார்கள். "ஆரம்மா அவங்கள்?" என்று கேட்டேன். "உள்ளுக்குப் படிக்கிற பிள்ளையளைப் பாக்க ஊரிலயிருந்து வந்த தாய்தகப்பன்மார்" என்றார் அம்மா. "நாங்களும் உள்ளுக்குப் போவமே?" என்றால், "எங்களுக்கு இன்னும் உள்ளுக்கு ஒரு பிள்ளை இல்லையே. நீ சேர்ந்த பிறகு நான் உன்னைப் பாக்க வாறன்" என்பார்.

வாசலில் நின்ற காவற்காரர்கள் யாரும் எங்களைத் தடுத்ததில்லை. ஆனாலும் அம்மா ஒருநாள்கூட அந்தப் படியில் கால் வைக்கவில்லை. உரிமை வரும்வரை காத்திருந்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

இப்படியே வளர்ந்ததால் கொலேஜுக்குப் போவது எனக்கு ஆசையாகவோ கனவாகவோ இருந்ததில்லை. கோயிலில் முதல் நன்மை எடுப்பதுபோல, பெரியபிள்ளை ஆவதுபோல, வயது வந்தால் நடக்கிற ஒரு காரியமாக இருந்தது. வகுப்பில் யாராவது, பெரிசானதும் என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், கொஞ்சமும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்றே விளங்காது.

ஐந்தாம் வகுப்பு முடிகிற அந்த வருடம் காரியம் சிக்கலாகியது. நான் படித்தது கன்னியர் மடத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடம். கொலேஜ் வரை போகவேண்டுமானால் அதே மடத்தின் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்கு மாறவேண்டும். மடத்துத் தலைவியான மதர் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். தகப்பனார் நேரில் வந்து சொன்னால் போதும் என்றார்.

அதே நேரத்தில் அப்பாவின் தமக்கை, நாங்கள் மாமி என்று அழைப்பவர், எனக்கு ஓர் இடம் பார்த்துக்கொண்டு வந்தார். மாமியின் வீடும் எங்கள் தோட்டத்தில்தான், குழாயடிக்கு நேரே. வெள்ளவத்தையில், கோர்ட்டில் வழக்குப் பேசுகிற ஒரு பிரக்கிராசி வீட்டில் பிள்ளை பார்க்க ஒரு பெட்டை தேவையாம். மூன்று நேரமும் நல்ல சாப்பாடு. கடற்கரை ஓரம். நல்ல மனிதர்கள். மாமி கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அது எனக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு. அம்மாவும் ஒரு காலத்தில் செய்த வேலைதானே.

அப்பா இரண்டு பக்கமும் பதில் சொல்லாமல் இருந்தார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஆனால் படிப்பு விஷயத்தில் அம்மா சொன்னதை நம்பினார். "அந்த இடமெல்லாம் அவள் பழகின இடம். நான் என்னத்தைக் கண்டன்" என்று மாமியிடமே சொல்லியிருக்கிறார். என் படிப்பு அந்த ஒரு நம்பிக்கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பை மியூசியம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் ஏறியதிலிருந்து பாட்டும் கூத்தும்தான். பஸ் திரும்பித் திரும்பிப் போய், நிழல் மரங்கள் உள்ள தெருவுக்குள் நுழைந்ததும் எனக்கு இடம் தெரிந்துவிட்டது. புல்வெளி. ஆலமரம். வெள்ளை மாளிகை. நான் எழும்பி நின்று, பஸ்ஸுக்கே கேட்கும்படி, "இதுதான் என்ர கொலேஜ்" என்றேன்.

ரீச்சர் திரும்பிப் பார்த்தார். "எது பிள்ளை?"

"இதுதான் ரீச்சர். நான் ஒவ்வொரு ஞாயிறும் வாறனான்."

"இது மியூசியம், பிள்ளை. பழைய காலத்துச் சாமானும் செத்த மிருகங்களும் வச்சிருக்கிற இடம்" என்றார் ரீச்சர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பஸ் முழுவதும் சிரிப்பில் வெடித்தது.

உள்ளே போனோம். கல்லில் செதுக்கிய சிலைகள், துருப்பிடித்த வாள்கள், கண்ணாடிக் கண் வைத்த சிறுத்தை. ஓரிடத்தில் ஒரு திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, எங்கள் தோட்டத்து வரிசை அளவுக்கு நீளமாக இருந்தது. மாமியின் மகள், என் மச்சாள், என் வகுப்புத்தான். அவள் என் காதருகே வந்து, "நீ இருந்து படிக்கிற வாங்கு எதடி? இந்த மீனுக்குப் பக்கத்திலயோ, அந்தப் புலிக்குப் பக்கத்திலயோ?" என்றாள். இன்னொருத்தி, "செத்ததுகளுக்குப் பாடம் சொல்லுற சட்டம்பியார் இவள்தான்" என்றாள். நான் அழவில்லை. அம்மாவைத்தான் நினைத்தேன். எங்களுக்கு இன்னும் உள்ளுக்கு ஒரு பிள்ளை இல்லையே என்று அவர் சொன்னது, ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியின் முன்னாலும் எனக்குக் கேட்டது.

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. அவசியமும் இருக்கவில்லை. பின்னேரம் குழாயடியில் மச்சாள் எல்லாவற்றையும் நடித்தே காட்டினாள். மாமி வாளியைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"இத்தனை வருசமா பெட்டையளைப் பூச்சூட்டிப் பொட்டு வச்சுக் கூட்டிக்கொண்டு போனது செத்த மாட்டுக்குக் கிட்டயோ மச்சாள்? நானும் என்னவோ ஏதோ எண்டு நினைச்சன்."

தோட்டமே சிரித்தது. அந்த நேரம் பார்த்து அப்பா வேலையால் வந்தார். நடுவில் நின்று முழுவதையும் கேட்டார். கைகால் கழுவினார். சாப்பிட உட்கார்ந்த பிறகுதான், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "அப்ப நீயும் காணாத இடம்தான்" என்றார்.

அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. அந்த ஒரு வசனத்தில் அம்மாவின் சொல்லுக்கு இருந்த மதிப்பு முழுவதும் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. சாப்பிட்டு முடிந்து வெளியே போய், மாமியிடம், "வெள்ளவத்தை வீட்டுக்கு ஞாயிறு கழிஞ்சு சொல்லுறன் அக்கா" என்றார்.

அம்மா மறுநாள் இடியப்பத்துக்கு மா அவித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"உள்ளுக்கு என்னதான் இருந்தது?"

"பெரிய மீன் எலும்பு அம்மா. திமிங்கிலமாம்."

"எவ்வளவு பெரிசு?"

"எங்கட வாசலிலயிருந்து குழாயடி மட்டும் வரும்."

"அவ்வளவு பெரிசோ" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். பிறகு மாவைச் சட்டியிலிருந்து கொட்டி, கட்டி உடைத்துக்கொண்டு, "சரி, அப்ப கொலேஜ் எங்க இருக்கெண்டு ரீச்சரைக் கேட்டனியோ?" என்றார்.

நான் கேட்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை.

"அதையெல்லோ முதல்ல கேக்க வேணும்" என்றார் அம்மா.

ஞாயிறு வந்தது. தோட்டத்தார் எல்லாரும் பார்த்திருக்க, அம்மா வழக்கம்போல எங்கள் தலைகளைப் பின்னி, தம் நல்ல சேலையைக் கட்டினார். அப்போது அப்பா எழும்பி, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டார். "நானும் வாறன்" என்றார். அவர் அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. முடிவு சொல்வதற்கு முன் தம் கண்ணாலேயே பார்த்துவிட வருகிறார் என்று நினைத்தேன். ட்ராமில் தங்கை அப்பாவின் மடியில் இருந்து மணி அடிக்கும்போதெல்லாம் தலையாட்டிக்கொண்டு வந்தாள்.

புல்வெளியில் வழக்கமாக நிற்கும் காவற்காரர் அன்றும் நின்றார். சிவப்புத் துருக்கித் தொப்பி போட்ட வயதான முஸ்லிம் மனிதர். பல வருடங்களாக எங்களைக் கண்டு தலையசைப்பார். பேசியதில்லை. அம்மா நேரே அவரிடம் போய், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் கூப்பிடுகிறபடி கூப்பிட்டார்.

"நானா, இது கொலேஜ் இல்லையோ?"

அவர் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்ல தங்கச்சி. இது மியூசியம்."

"அப்ப புத்தகம் கொண்டு போற பிள்ளையள்?"

"அவங்க கொலேஜ்ப் புள்ளயள்தான். உள்ளுக்கு ஒரு பெரிய லைப்ரரி ஈக்கிது. அங்க படிக்க வாற." கொஞ்சம் யோசித்து, "நீங்க நெழலுக்கு வாறீங்கன்டுதான் நான் இவ்வளவு காலமும் நெனச்ச" என்றார்.

அம்மா, கொலேஜ் எங்கே என்று கேட்டார். அவர் கையைக் காட்டி வழி சொல்லத் தொடங்கினார். பிறகு எதை நினைத்தாரோ, இன்னொரு காவற்காரரைக் கூப்பிட்டுத் தம் இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு, "வாங்கோ, கிட்டத்தான். நானே கொண்டு போய் உடுறன்" என்று முன்னால் நடந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஏதோ பெரிய இடத்து விருந்தாளிகளைக் கூட்டிப் போவதுபோலத்தான் நடந்தார்.

மரங்கள் உள்ள தெருவொன்றால் போய்த் திரும்பினோம். ஒரு பக்கம் குதிரைப் பந்தயத் திடல். மறுபக்கம் ஓர் அரைமதில். அதற்கு அப்பால் மரங்களுக்கிடையில் கட்டடங்கள் தெரிந்தன. "இதுதான்" என்றார் நானா.

அப்பா நின்றுவிட்டார். மதிலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கேட்டைப் பார்த்தார். "இதோ?" என்றார். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. "இந்த மதிலிலயோ?"

நடந்தது இதுதான். பந்தயம் நடக்கும் சனிக்கிழமைகளில் அப்பாவும் துறைமுகத்துக் கூட்டாளிகளும் வருவார்கள். உள்ளே போகமாட்டார்கள். எதிரே உள்ள மதிலில் ஏறியிருந்து, வேலிக்கு மேலாகத் தெரிகிற குதிரைகளைச் சும்மா பார்ப்பார்கள். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்பா ஏறியிருந்த மதில் அந்தக் கொலேஜின் மதில்தான். பின்னால் இருப்பது என்னவென்று அவர் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதை அவர் மெதுவாகச் சொல்லி முடித்ததும் அம்மா சிரித்தார். அந்த வாரம் முழுவதும் சிரிக்காத அம்மா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"நான் பிழையான இடத்தில இருந்து கொலேஜைப் பாத்தன். நீங்கள் கொலேஜிலயே ஏறியிருந்து குதிரையைப் பாத்தியள்."

நானா தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். அப்பாவும் கடைசியில் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் ஏதோ ஒன்று இளகியது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

கேட்டுக் காவற்காரர் நானாவுக்குத் தெரிந்தவர். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். ஞாயிறானபடியால் வகுப்புகள் இல்லை. ஆனால் மண்டபத்தில் யாரோ நாடகம் பழகிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண்ணை அந்தக் காவற்காரர் கூட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேலை கட்டி, ஒற்றைப் பின்னலோடு, என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். யாழ்ப்பாணத்துப் பேச்சு. எங்களை அங்கேயே விட்டுவிட்டு நானா தம் வேலைக்குத் திரும்பினார். நன்றி சொல்வதற்குள் பாதித் தெரு போய்விட்டார்.

அம்மா அந்த அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. தோல்பெட்டியில் தொடங்கித் திமிங்கிலம் வரை எல்லாம் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை யார் சிரித்தாலும் தாங்கமுடியாது என்று இருந்தது. அவர் சிரிக்கவில்லை. "வாங்கோ அம்மா, உள்ளுக்குப் போய்ப் பாப்பம்" என்றார்.

வகுப்பறை ஒன்றின் கதவைத் திறந்தார். படிப்படியாக மேலே ஏறிப் போகிற வாங்குகள். எதிரே சுவரை நிறைத்த கரும்பலகை. அப்பாவும் அம்மாவும் வாசலில் நின்று, கோயிலுக்குள் போவதுபோலச் செருப்பைக் கழற்றினார்கள். அங்கே யாரும் செருப்புக் கழற்றுவதில்லை. அந்த அக்கா அதைப் பார்த்தார். கழற்ற வேண்டாம் என்று சொல்லவில்லை. தம் செருப்பையும் கழற்றி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு எங்களுடன் உள்ளே வந்தார்.

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அதற்கு மேல் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

"இருங்கோ" என்றார். தங்கை ஓடிப்போய் உச்சி வாங்கில் ஏறிக்கொண்டாள். நான் முன் வாங்கின் நுனியில் இருந்தேன். அம்மா என் பக்கத்தில். அப்பா நெடுநேரம் நின்றுவிட்டு, பிறகு கையால் வாங்கைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். அதில் தூசி இருக்கவில்லை.

"இஞ்ச பொம்பிளப் பிள்ளையளும் படிக்கிறதோ, பிள்ளை?" என்று அவர் கேட்டார்.

"என்னைப் பாத்தா உங்களுக்கு எப்பிடித் தெரியுது ஐயா?" என்றார் அந்த அக்கா. அப்பா வெட்கப்பட்டுச் சிரித்தார்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "எத்தினை வயசிலயிருந்து வாறாய்?"

"அஞ்சு வயசிலயிருந்து."

"நான் போன வருசம்தான் வந்தனான். அப்ப நீ எனக்கு மூப்பு" என்றார். "அந்த மியூசியம் லைப்ரரியில நாங்கள் கன நேரம் இருக்கிறனாங்கள். உன்ர அம்மா வாசலில பாத்தது எங்கட ஆக்களைத்தான். அவ பிழையா ஒண்டும் பாக்கேல்ல." அதை அவர் என்னிடம் சொன்னாலும், சொல்லும்போது பார்த்தது அப்பாவை.

அப்பா கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் யாரோ எழுதிப் பாதி அழித்த எழுத்துகள் இருந்தன. அவருக்கும் அது விளங்காது, எனக்கும் அன்று விளங்காது. "இதை வாசிக்க எவ்வளவு காலம் செல்லும்?" என்று கேட்டார். ஆறேழு வருடம் ஒழுங்காகப் படித்தால் வரலாம் என்றார் அக்கா. அப்பா விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்துவிட்டு எழும்பினார்.

அன்று பின்னேரம் வீடு திரும்பினோம்.  தோட்டத்துக்குள் நுழைந்ததும் மாமி குழாயடியில் நின்றார். "என்ன, கொலேஜ் அம்பிட்டுதோ?" என்று கேட்டார். அப்பா நின்று, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அம்பிட்டுது அக்கா. உள்ளுக்கும் போய் இருந்திட்டு வந்தனாங்கள். வெள்ளவத்தை வீட்டுக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லு. பெட்டைக்கு நேரமில்லை."

மறுநாள் அவர் வேலைக்குப் போகுமுன் மதரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது என்று சொன்னால் பொய். இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் முதல் வருடம் நான் ஊமை. யுத்தம் வந்தது. குண்டு விழுமென்று பயந்து தோட்டம் பாதி காலியாகி, பிறகு திரும்பி நிறைந்தது. படிப்பு நின்றுவிடும் என்று நினைத்த நாட்கள் பல. அந்த நாட்களிலெல்லாம் அம்மா அறிவுரை சொல்லவில்லை. ஞாயிறு வந்தால் தலை பின்னிவிட்டார். உண்மையான கேட்டு வரை போய், ஒரு சுற்றுச் சுற்றி, தங்கைக்கு ஆலமரம் வேண்டுமென்பதால் மியூசியப் புல்வெளியில் வந்து கடலை கொறித்துவிட்டு வந்தோம். மச்சாளும் சில நாட்களில் எங்களோடு வரத் தொடங்கினாள். அவள் இப்போது தாதியாகப் படிக்கிறாள். அந்தத் திமிங்கிலப் பகிடியை இன்னும் விடவில்லை.

தொப்பிக்கார நானாவை யுத்தத்துக்குப் பிறகு நாங்கள் காணவில்லை. அந்த அக்காவின் பெயரைக் கேட்க அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இருவருக்கும் நான் சொல்லாமல் விட்ட நன்றியை இதன் வழியாகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கொலேஜ் யுத்த காலத்தில் சர்வகலாசாலையாகிவிட்டது. அதில் நான் சேர்ந்த முதல் நாள், பெரிய வீட்டுப் பிள்ளைகள் பலர் மண்டபம் எங்கே, வகுப்பு எங்கே என்று தேடி அலைந்தார்கள். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. என் கால்கள் தாமாகவே போயின. அந்தப் படிவாங்கு வகுப்பின் வாசலில் என்னை அறியாமல் குனிந்து செருப்பைக் கழற்றினேன். பின்னால் வந்தவர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

சேர்ந்து சில மாதங்களில், பழைய பத்திரிகைகள் பார்க்கவேண்டி மியூசியத்து லைப்ரரிக்குப் போனேன். அன்று பின்னேரம் வந்து நிற்கும்படி அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கையில் புத்தகங்களோடு அந்தப் பெரிய வாசலால் வெளியே வந்தபோது, அம்மா ஆலமரத்தடியில் தம் நல்ல சேலையோடு நின்றார். ஒரு கணம் அவர் என்னை அடையாளம் காணவில்லை என்று நினைத்தேன். அப்படி இல்லை. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களுக்கு முன் யாரோ ஒருவருடைய குழந்தையின் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது பார்த்த அதே பார்வையாகத்தான் அது இருக்கவேண்டும்.

"வாங்கோ அம்மா, உள்ளுக்குப் போவம்" என்றேன்.

"ஓம். இப்ப போகலாம்தானே" என்று சொல்லிவிட்டு, முதன்முறையாக அந்தப் படியில் கால் வைத்தார். திமிங்கிலத்தின் முன்னால் வெகுநேரம் நின்று, வாலிலிருந்து தலை வரை நடந்து பார்த்து, "நீ சொன்னது சரிதான், எங்கட குழாயடி மட்டும் வரும்" என்றார்.

இந்த வருடம் கடைசிப் பரீட்சை எழுதி முடித்துவிட்டேன். எங்கள் தோட்டத்துக் குழாயடியில் இப்போது சின்னப் பிள்ளைகள் சிலர் என்னைச் சுற்றிக்கொண்டு, நீங்கள் எப்போது கொலேஜுக்குப் போனீர்கள் அக்கா என்று கேட்கிறார்கள். ஐந்து வயதில் என்று நான் சொல்கிறேன். அவர்கள் பகிடி என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்த ஞாயிறு அவர்களையும் தலைபின்னிக் கூட்டிக்கொண்டு போக இருக்கிறேன். அம்மா எனக்குத் தந்த அந்த நடையைவிடப் பெரிதாகப் பிறருக்குத் தரக்கூடியது வேறொன்றும் என்னிடம் இல்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.